கோப்பையை நீட்டும் கை: கப்பல் குளிர்பானத்தின் வரலாறு

எங்கள் மாலைப் படிப்பகத்துக்கு வரும் கேட்டரிங் மாணவர் ஒருவர் போன மாதம் ஒரு வழவழப்பான தாளைக் கொண்டுவந்து காட்டினார். சொகுசுக் கப்பலில் பார் வெயிட்டர் வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் ஒருவர் கொடுத்தது. வெள்ளைச் சட்டை, கறுப்பு வில் டை அணிந்த இளைஞர் ஒருவர் அதில் சிரித்தபடி நிற்கிறார். கையில் தட்டு, தட்டில் பனிக்கட்டி மிதக்கும் குளிர்பானக் கோப்பைகள், பின்னால் நீலக்கடல். "அண்ணா, அங்க யாரும் சாதி கேக்க மாட்டாங்களாமே, நிஜமா?" என்று கேட்டார்.

கேட்க மாட்டார்கள் என்றுதான் சொன்னோம். அது உண்மைதான். டீக்கடையில் தனிக்குவளையைப் பார்த்து வளர்ந்த குடும்பத்திலிருந்து வருகிற பையனுக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு பெரிய விடுதலை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவர் போன பிறகும் அந்தத் தாள் எங்கள் மேசையில் கிடந்தது. அந்தப் படத்தில் கோப்பையை வாங்கப் போகிறவர் யார், நீட்டுகிறவர் யார், அதை முடிவு செய்தது எது என்ற கேள்வியும் கூடவே கிடந்தது. தேடிப் படித்தோம். படித்ததில் தெரிந்துகொண்டதை அந்த மாணவருக்காகவும், அவரைப் போலக் கப்பலேற நினைக்கும் மற்ற தம்பி தங்கைகளுக்காகவும் இங்கே எழுதுகிறோம்.

மருந்தாக ஏறிய சோடா

குளிர்பானம் கப்பலுக்குள் முதலில் நுழைந்தது உழைப்பவருக்கான மருந்தாகத்தான். பயணி காசு கொடுத்து வாங்கும் சரக்காக அது மாறியதெல்லாம் பிற்பாடு.

பதினெட்டாம் நூற்றாண்டில் நெடுந்தூரக் கப்பல்களில் மாலுமிகளைக் கொன்றதில் புயலைவிட, பீரங்கியைவிட முன்னால் நின்றது ஸ்கர்வி நோய். மாதக்கணக்கில் உப்புக்கண்டமும் காய்ந்த ரொட்டியும் மட்டுமே தின்றால் வைட்டமின் சி இல்லாமல் ஈறு அழுகும், பழைய காயம் மறுபடி திறக்கும், ஆள் சாவான். 1747இல் 'சாலிஸ்பரி' என்ற போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் நோயுற்ற 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் விரைவில் எழுந்து நடமாடினார்கள். இதைக் கண்டறிந்த பிறகும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லா மாலுமிகளுக்கும் வழங்க முடிவெடுக்க 1795 ஆகிவிட்டது. உழைப்பவரின் உயிர் காக்கும் அறிவு கைக்கு வந்த பிறகும் அரை நூற்றாண்டு காத்திருக்க வைத்தார்கள்.

இடையில் வந்ததுதான் சோடா. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதுவடிப்பு ஆலை ஒன்றின் அருகே குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டியின் மேல் தேங்கும் வாயுவைத் தண்ணீரில் கரைக்கலாம் என்று 1767 வாக்கில் கண்டார். 1772இல் அதன் செய்முறையைச் சிறு நூலாக வெளியிட்டார். அந்த வாயு நீர் ஸ்கர்வியைத் தடுக்கும் என்று அவர் நம்பினார். கடற்படையும் நம்பியது. அதே ஆண்டு கேப்டன் குக் தன் இரண்டாம் பயணத்துக்குப் புறப்பட்டபோது, சோடா தயாரிக்கும் கருவியும் கப்பலில் ஏற்றப்பட்டது. நோய்க்கு அது பயன்படவில்லை. ஆனால் இன்று உலகமே குடிக்கும் நுரைக்கும் பானத்துக்கு முதன்முதலில் யோசிக்கப்பட்ட பெரிய பயன், கப்பலில் கயிறு இழுப்பவனின் உடம்பை வேலைக்குத் தாங்கவைப்பதுதான். 1783இல் ஜெனீவாவில் ஷ்வெப் என்பவர் அதை ஆலைச் சரக்காக்கி, 1790களில் லண்டனில் கடை திறந்தார். அதற்குப் பிறகு சோடா வசதி படைத்தவர்களின் மேசைக்கு நகர்ந்துவிட்டது.

சர்க்கரைக்குப் பின்னால் இருந்த கப்பல்

எலுமிச்சைச் சாற்றின் கதையும் இதே வழியில்தான் போனது. கப்பலில் சாறு கெடாமல் இருக்க அதில் ரம் கலந்து வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு கொடுத்துவந்த லாக்லன் ரோஸ் என்பவர், சாராயம் சேர்க்காமல் சாற்றைப் பதப்படுத்தும் முறைக்கு 1867இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டமும் மாலுமிகளுக்குச் சாறு வழங்குவதைக் கடுமையாக வலியுறுத்தியது. சர்க்கரை சேர்த்து இனிப்பாக்கிய அந்தச் சாறு, கப்பலோட்டியின் பங்கீட்டுப் பொருளாக மட்டும் நிற்கவில்லை. அழகிய பாட்டிலில் அடைத்துக் குடும்பங்களுக்கு விற்கும் பானமாயிற்று. எலுமிச்சை கரீபியத் தீவுகளிலிருந்து வந்தது. 1890களில் அந்த நிறுவனம் டொமினிக்காவில் தோட்டங்களையே வாங்கியது. முன்பு அடிமைகளாக்கப்பட்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்ந்த தீவு அது.

இனிப்பான பானம் என்றால் சர்க்கரை. சர்க்கரை என்றால் தோட்டக்கூலி. இங்கேதான் நம் ஆட்கள் வருகிறார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து பல்லாயிரம் பேர் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். நேட்டாலுக்குச் சென்ற முதல் கப்பலான 'ட்ரூரோ' 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்தது. நேட்டால் கப்பல்களின் ஆள்பட்டியல்களில் பெயர், வயது, ஊரோடு சாதிக்கும் ஒரு பத்தி உண்டு. அதில் 'பறையர்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கடலைத் தாண்டினால் சாதி போய்விடும் என்று பயந்து மேல்சாதியார் கரையிலேயே நின்ற காலத்தில், சாதி போவதால் இழக்க எதுவுமில்லாதவர்கள் கப்பலேறினார்கள். பதிவேடு அவர்களோடு சாதியையும் ஏற்றி அனுப்பியது.

டோபாஸ்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பல்கள் வந்தன, சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தது. பம்பாய்க்கும் லண்டனுக்கும் இடையே பி அண்டு ஓ போன்ற நிறுவனங்களின் பயணிகள் கப்பல்கள் ஓடின. முதல் வகுப்பில் சோடாவும் லைம் ஜூஸும் டானிக்கும் தட்டில் வைத்து நீட்டப்பட்டன. அதை நீட்டியவர் யார்?

அந்தக் கப்பல்களில் 'லாஸ்கர்' என்று அழைக்கப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். ஆசியருக்கென்று தனி ஒப்பந்தம் இருந்தது. ஒரே கப்பலில் ஒரே வேலைக்கு வெள்ளை மாலுமி வாங்கிய கூலியில் மூன்றில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரைதான் அவர்களுக்குக் கிடைத்தது. படுக்கும் இடமும் குறைவு. வேலைப் பிரிவினையோ அப்படியே நம் ஊர்த் தெருக்களைப் போல இருந்தது. மேல்தளத்துக்கு ஒரு வட்டாரத்தார், எந்திர அறையில் கரி அள்ள இன்னொரு வட்டாரத்தார், பயணிகளுக்குப் பரிமாற கோவாக் கிறித்தவர்கள். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, மது எதையும் தீட்டு என்று ஒதுக்காதவர்கள் என்பதால் கோவாக்காரர்கள் சமையலறைக்கும் உணவுக்கூடத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

கழிப்பறையைக் கழுவவும் குப்பையை அள்ளவும் தனியாக ஒருவர் இருந்தார். அவருடைய பதவியின் பெயர் 'டோபாஸ்'. பெரும்பாலும் துப்புரவுத் தொழில் திணிக்கப்பட்ட சாதிகளிலிருந்து எடுக்கப்பட்டவர். மற்ற லாஸ்கர்கள் தொட மறுத்த வேலைக்காக, பிரிட்டிஷ் நிறுவனமே சாதி பார்த்து, சாதிப்படி பதவி உருவாக்கி வைத்துக்கொண்டது. கடற்பயணம் சாதியைக் கழுவிவிடும் என்று சாத்திரம் பயந்தது. கப்பல் கம்பெனியோ சாதியைச் சம்பளப் பட்டியலில் ஏற்றிக்கொண்டது.

1930 அக்டோபர் 4 அன்று அண்ணல் அம்பேத்கர் முதல் வட்டமேசை மாநாட்டுக்காகப் பம்பாயிலிருந்து 'வைஸ்ராய் ஆஃப் இந்தியா' என்ற பி அண்டு ஓ கப்பலில் புறப்பட்டார். 1901இல் சிறுவனாக அப்பாவைப் பார்க்கப் போன வழியில், கையில் சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் தர யாரும் இல்லாததால் பட்டினியோடு இரவைக் கழித்தவர் அவர். 1927 மார்ச் 20இல் மகாடு சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோரோடு இறங்கி நீரை அள்ளிக் குடித்தவர். இந்தக் கப்பலில் அவர் பயணி. கேட்டால் தண்ணீர் கொண்டுவந்து தருவது பணியாளரின் கடமை. ஊரும் குளமும் மறுத்ததைப் பயணச்சீட்டு தந்துவிட்டது.

இதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. நம் மக்கள் நகரத்துக்கு ஓடியதும், கடைக்காரருக்குச் சாதி தெரியாத ஊரில் காசு கொடுத்து டீ குடித்ததும், கப்பலேறியதும் எல்லாம் இதற்காகத்தான். ஆனால் அந்த வகைக் கப்பல்களில் துடைப்பத்தோடு ஒரு டோபாஸும் இருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பயணச்சீட்டு வாங்குபவரைச் சமமாக்கியது. வேலை செய்பவரைத் தொடவில்லை. இந்த வேறுபாடு இன்றைய சொகுசுக் கப்பல் வரை நீள்கிறது.

லாஸ்கர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. 1939இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது, பிரிட்டனின் துறைமுகங்களில் அவர்கள் கப்பலேற மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். கூலி உயர்ந்தது. கப்பல் வரலாற்றில் உரிமை எதுவும் டிப்ஸாக வந்ததில்லை.

ஒரு கோப்பைக்காக மாறிய கொடி

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். இன்றைய சொகுசுக் கப்பல் தொழிலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அந்த முடிச்சும் ஒரு பானத்தால் விழுந்தது.

1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலிலும் மது கூடாது என்று 1922இல் அரசு அறிவித்தது. குளிர்பானம் மட்டும் கிடைக்கும் கப்பலில் யார் ஏறுவார்கள் என்று முதலாளிகள் கவலைப்பட்டார்கள். பிரிட்டிஷ் கப்பலில் தாராளமாக மது கிடைத்தது. 'ரிலையன்ஸ்', 'ரெசொல்யூட்' என்ற இரண்டு அமெரிக்கப் பயணிகள் கப்பல்களின் உரிமையாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதே 1922இல் கப்பலின் பதிவைப் பனாமாவுக்கு மாற்றினார்கள். முதலாளி அதே ஆள், பயணி அதே ஆள், கொடி மட்டும் வேறு. கொடி மாறியதும் சட்டமும் மாறியது.

கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் சட்டமே நடுக்கடலில் அதற்குப் பொருந்தும் என்பது கடல் சட்டத்தின் அடிப்படை. மதுவுக்காகக் கொடியை மாற்றியவர்கள், அதனால் தொழிலாளர் சட்டத்திலிருந்தும் தப்பிக்கலாம் என்பதை விரைவிலேயே புரிந்துகொண்டார்கள். மதுவிலக்கு 1933இல் முடிந்தது. பனாமாக் கொடி இறங்கவில்லை. பின்னர் லைபீரியா, பஹாமாஸ் கொடிகளும் சேர்ந்தன. 'வசதிக்கொடி' என்று இதற்குப் பெயர். யாருக்கு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

1963இல் இதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முத்திரையும் கிடைத்தது. அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்து, ஹோண்டுராஸ் கொடியோடு, ஹோண்டுராஸ் தொழிலாளர்களைக் கொண்டு வாழைப்பழம் ஏற்றிய கப்பல்கள் பற்றிய வழக்கு அது. அமெரிக்காவின் தொழிற்சங்க உரிமைச் சட்டம் அந்தத் தொழிலாளர்களுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பானது. மூன்றே ஆண்டில், 1966இல், மயாமியிலிருந்து 'சன்வார்ட்' கப்பலோடு புதிய கரீபியச் சுற்றுலாத் தொழில் சூடுபிடித்தது. 1968இல் ராயல் கரீபியன், 1972இல் கார்னிவல். முதலாவது லைபீரியாவிலும் இரண்டாவது பனாமாவிலும் நிறுவனமாகப் பதிவாகி வளர்ந்தன. பயணி அமெரிக்கர், துறைமுகம் அமெரிக்கத் துறைமுகம், பணம் டாலர். பரிமாறுபவர் மட்டும் அந்தச் சட்டத்துக்கு வெளியே.

கோலா எப்படி விற்கிறது

மாணவரின் தாளில் இருந்த கோப்பைக்கு வருவோம்.

சொகுசுக் கப்பலின் கட்டணத்தில் அறையும் சாப்பாடும் அடங்கும். பொதுவாகத் தண்ணீர், டீ, காபி, லெமனேட் போன்றவை பஃபே கூடத்தில் இலவசம். கோலாவும் மதுவும் பெரும்பாலான கப்பல்களில் தனிக் காசு. சீட்டு விலையைக் குறைத்து ஆளை ஏற்று, ஏறிய பிறகு விற்று எடு. இதுதான் தொழிலின் சூத்திரம். கார்னிவல் குழுமத்தின் 2023ஆம் ஆண்டு மொத்த வருவாய் ஏறக்குறைய 2,160 கோடி டாலர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 750 கோடி டாலர், பயணச்சீட்டுக்கு வெளியே, முதன்மையாகக் கப்பலுக்குள் செய்யும் செலவிலிருந்து வந்தது. பானமும் சூதாட்டமும் சுற்றுலாவும் அதன் தூண்கள்.

கோலாவின் அடக்கச் செலவு சொற்பம். பாட்டிலாக ஏற்றினால் எடையும் இடமும் வீண். அதனால் கெட்டியான சிரப்பைப் பைவைத்த பெட்டிகளில் ஏற்றுகிறார்கள். ஒரு பங்கு சிரப்புக்கு ஐந்து பங்கு தண்ணீர், அதோடு வாயு. தண்ணீரில் பெரும்பகுதியைக் கப்பலே கடல்நீரைச் சுத்திகரித்துத் தயாரித்துக்கொள்கிறது. கோப்பையில் இருப்பதில் பெரும்பகுதி கப்பலைச் சுற்றிக் கிடக்கும் கடலே. எந்தக் கப்பலில் எந்த நிறுவனத்தின் சிரப் ஊற்றப்படும் என்பது பெரிய ஒப்பந்தம். கார்னிவல் 2020இல் கோக்கை விட்டுப் பெப்சிக்கு மாறியது.

பயணியிடம் இது கோப்பைக் கணக்கில் மட்டும் விற்பதில்லை. 'பேக்கேஜ்' என்று நாள் கணக்கில் விற்கிறார்கள். ஒருமுறை கட்டிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், ஆனால் பயணத்தின் எல்லா நாளுக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். ராயல் கரீபியன் கப்பல்களில் இதற்கென்று அடியில் சிப் பதித்த குவளை இருக்கிறது. எந்திரம் குவளையைப் படித்து, காசு கட்டியவரா என்று பார்த்துத்தான் ஊற்றும். வெளியிலிருந்து கொண்டுவருவதற்கும் கட்டுப்பாடு. பாட்டிலில் மதுவை மறைத்துக் கொண்டுவருகிறார்கள் என்று சொல்லி, 2015இல் கார்னிவல் பாட்டில் பானங்களையே தடுத்தது. ஆளுக்கு 12 கேன் மட்டும் அனுமதி.

இனி நீட்டும் கை. கப்பல் புறப்படும் நாளில் பேக்கேஜை விற்பதும் பெரும்பாலும் பார் பணியாளர்களின் வேலைதான். ஒவ்வொரு பான விலையோடும் 18 அல்லது 20 விழுக்காடு 'கிராஜுவிட்டி' தானாகச் சேர்க்கப்படுகிறது. முதலாளி கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பகுதி பயணியின் அன்பளிப்பாக வேடம் மாறுகிறது. சிரிப்பு அந்த வேலையின் கருவியாகிறது. ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம், வாரம் ஏழு நாளும் வேலை. அறை கீழ்த்தளத்தில், பகிர்ந்து கொள்வது. பணியாளருக்குத் தனிப் படிக்கட்டு, தனி உணவுக்கூடம், தனி நடைவழி. பயணிகள் தளத்தில் யார் நடமாடலாம் என்பது பதவியைப் பொறுத்தது. கேப்டனும் உயர் அதிகாரிகளும் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். பரிமாறுபவர்களும் துப்புரவு செய்பவர்களும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, கரீபிய நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

இதை உடனே 'இரட்டைக்குவளை' என்று அழைக்க ஆசையாக இருக்கும். நாம் நிதானிக்க வேண்டும். தனிக்குவளை தீட்டின் மீது நிற்கிறது. அதைக் காசால் தாண்ட முடியாது, தலைமுறையாலும் தாண்ட முடியாது. கப்பலின் ஏணி பாஸ்போர்ட்டின் மீதும் ஒப்பந்தத்தின் மீதும் நிற்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் அந்தப் பணியாளர் இன்னொரு கப்பலில் பயணியாகவே ஏறலாம். இரண்டையும் ஒன்றாக்கினால் சாதியின் கொடுமையை நாமே நீர்த்துப்போகச் செய்கிறோம். ஆனால் எந்த நாட்டில் பிறந்தாய் என்பதைக் கொண்டு எந்தத் தளத்தில் நிற்பாய் என்று முடிவாவதைப் பார்க்கும்போது, டோபாஸின் நிழல் தெரியாமல் இருக்காது.

யோகோஹாமா, 2020

அந்த நிழல் உலகத்துக்கே தெரிந்த மாதம் ஒன்று உண்டு. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் கொரோனாவால் நிறுத்தப்பட்டது. 2,666 பயணிகள், 1,045 பணியாளர்கள். பயணிகள் தத்தம் அறைக்குள் இருக்க வேண்டும் என்று உத்தரவு. அறைக்குள் இருப்பவருக்குச் சாப்பாடும் தண்ணீரும் பானமும் யார் கொண்டுபோவது? பணியாளர்கள்தான். பயணிகளின் தனிமைப்படுத்தலே அவர்களின் நடமாட்டத்தின் மீதுதான் நின்றது. அறை வாசல் வாசலாகத் தட்டை வைத்துவிட்டுக் கீழே வந்து, பகிர்ந்த அறையில் படுத்து, கூட்டமாகச் சாப்பிட்டார்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பின்னர் வெளியிட்ட ஆய்வின்படி, பிப்ரவரி 9 வரை தொற்று உறுதியான 20 பணியாளர்களில் 15 பேர் உணவுப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அந்தக் கப்பலில் 138 இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் 132 பேர் பணியாளர்கள், 6 பேர்தான் பயணிகள். இந்தியப் பணியாளர்கள் சிலர் எங்களைக் காப்பாற்றுங்கள் என்று காணொளி வெளியிட்டு அரசிடம் கெஞ்சியது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு உலகெங்கும் பயணிகள் வீடு சேர்ந்த பின்னும் பல்லாயிரம் பணியாளர்கள் மாதக்கணக்கில் கடலில் காத்துக்கிடந்தார்கள்.

தம்பிக்குச் சொல்வது

இதையெல்லாம் எழுதியது கப்பலுக்குப் போகாதே என்று தடுக்க அல்ல. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் ஒன்றை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். இந்த வேலை நம் வாசலுக்கு வந்துவிட்டது. நம் பிள்ளைகள் போவார்கள், போகவும் வேண்டும். கடல் தாண்டிய சம்பளத்தில் கட்டிய வீடுகள் நம் சேரிகளில் நிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் போகும்போது கையில் சட்டத்தோடு போக வேண்டும்.

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றது. அதன்படி கப்பலில் எந்த வேலை செய்பவரும் கடலோடிதான். எந்திரம் ஓட்டுபவருக்குள்ள உரிமை கோலா ஊற்றுபவருக்கும் உண்டு. சாப்பாடும் நல்ல குடிநீரும் இலவசமாகத் தரப்பட வேண்டும். முன்பு சாறுக்கும் தண்ணீருக்கும் ஏங்கி மாலுமிகள் செத்த வரலாற்றின் நேரடி விளைவு இந்த விதி.

வேலை நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். நாளுக்கு அதிகபட்சம் 14 மணி, வாரத்துக்கு 72 மணி வேலை என்று விதிக்கலாம். அல்லது வாரத்துக்குக் குறைந்தபட்சம் 77 மணி ஓய்வு என்று விதிக்கலாம். இரண்டில் எதை வேண்டுமானாலும் கொடி நாடு தேர்ந்தெடுக்கலாம். வாரத்துக்கு 168 மணி. அதில் 77ஐக் கழித்துப் பாருங்கள், 91 மணி வருகிறது. நம் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று விதித்திருந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 48ஐ வாங்க எத்தனை போராட்டம் நடந்தது என்பதையும்.

வேலை வாங்கித்தர முகவர் காசு கேட்கக் கூடாது. இது உடன்படிக்கையிலும் உண்டு, இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகளிலும் உண்டு. பாஸ்போர்ட், கடலோடி அடையாளப் புத்தகம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவைத்தான் நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். முகவரிடம் கப்பல்துறைத் தலைமை இயக்ககம் வழங்கும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று அந்த இயக்ககத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். கப்பலில் தொழிற்சங்க ஒப்பந்தம் உண்டா, எந்தக் கொடி, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, டிப்ஸை நீக்கினால் என்ன மிஞ்சும் என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

அந்த மாணவரிடம் முகவர் கேட்டிருந்த தொகை அவர் அம்மாவின் இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். வட்டிக்கு வாங்கத் தயாராக இருந்தார்கள். உரிமத்தைத் தேடிப் பார்த்தோம். அந்த முகவரின் பெயர் பட்டியலில் இல்லை. பையன் நொந்துதான் போனார். பிறகு அவரே உட்கார்ந்து உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். இப்போது இரண்டு நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது.

கப்பலில் சாதி கேட்க மாட்டார்களா என்ற அவருடைய கேள்விக்கு எங்கள் பதில் இப்போதும் அதேதான். கேட்க மாட்டார்கள், தம்பி. நீ கேட்க வேண்டியவை மட்டும் நிறைய இருக்கின்றன. அவற்றை ஏறும் முன்பே கேட்டுவிடு.

ஜெய் பீம்.